குவில்ட்டுக்குப் புது யோசனை: கோலமா, காகித வெட்டா, கேமராவா, அச்சா, சயனோடைப்பா?

மெஷின் இருக்கிறது. டெய்லர் கடையில் வாங்கிவந்த வெட்டுத்துணி இரண்டு பை நிறைய இருக்கிறது. கட்டம், நட்சத்திரம், நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டிகளை அடுக்கும் லாக் கேபின் என்று தெரிந்த குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) மாதிரிகளையெல்லாம் தைத்தாயிற்று. அடுத்து என்ன தைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. ஒட்டுத்துணி வேலையில் இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆனவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கிற இடம் இது. என்னிடம் தையல் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்: "வேற ஒரு கலை கத்துக்கிட்டா யோசனை தானா வரும்னு சொல்றாங்க. எதைக் கத்துக்கலாம் அக்கா?"

யோசனை வரும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கலையைத் தொட்டாலும் வந்துவிடாது. கடந்த ஏழெட்டு வருஷத்தில் நான் ஐந்து வழிகளில் போய்ப் பார்த்தேன். சில உடனே துணியில் வந்து நின்றன. சில மாதக்கணக்கில் என்னைத் தையலிலிருந்தே விலக்கி வைத்தன. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதைக் கையில் பட்ட அளவில் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

உங்களிடம் எது தீர்ந்துபோயிருக்கிறது? எல்லாக் கேள்வியும் இதற்குப் பிறகுதான். கடைசியாகத் தைத்த மூன்று குவில்ட்டுகளைக் கட்டிலில் விரித்துப்போட்டு, அறை வாசலில் நின்று பாருங்கள். மூன்றிலும் ஒரே சதுரமும் முக்கோணமும் என்றால் வடிவம் தீர்ந்துவிட்டது. வடிவம் மாறியும் மூன்றும் ஒரே மங்கலில் தெரிந்தால் சிக்கல் வெளிர், அடர்த்தியில். வடிவமும் நிறமும் சரியாக இருந்தும் "இந்தத் துணியைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்" என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது புதுத் துணி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

துணிக்கு எவ்வளவு தூரம்? ஒரு கலையில் கிடைத்ததை வெட்டித் தைக்கிற நிலைக்குக் கொண்டுவர எத்தனை படி ஏற வேண்டும்? அளவெடுப்பது, மாதிரி வெட்டுவது, கால் இஞ்ச் தையல் விடுவது எல்லாம் இதில் சேரும். தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

வெளியே தெரியாத செலவு. பணம் மட்டும் இல்லை. இடம், காய்கிற நேரம், பழகுகிற வரை வீணாகிற துணி, கண் வலி, மணிக்கட்டு வலி.

துவைத்தால் நிற்குமா? சுவரில் மாட்டுவதற்கு இது தேவையில்லை. குழந்தைக்குப் போர்த்தவென்றால் மிகவும் தேவை.

அது உங்களுடையதா? அடுத்தவர் வரைந்ததைப் பார்த்துத் தைத்துவிட்டு விற்பனைக்கு வைத்தால் அது திருட்டு. படம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதால் அது நம்முடையதாகிவிடாது.

| வழி | எதைத் தருகிறது | துணிக்குத் தூரம் | கைச்செலவு | துவைப்பு |
|---|---|---|---|---|
| கோலம் | வடிவம் | படிக்கோலம் அருகில், சிக்குக்கோலம் தூரம் | மிகக் குறைவு | கவலை இல்லை |
| காகித வெட்டு | வடிவம், நிறச் சேர்க்கை | மிக அருகில் | மிகக் குறைவு | கவலை இல்லை |
| கைப்பேசிப் படம் | வெளிர், அடர்த்தி பார்க்கும் கண் | மிகத் தூரம் | பணம் இல்லை, நேரம் நிறைய | கவலை இல்லை |
| அச்சு | புதுத் துணி | துணியே கிடைக்கிறது | நடுத்தரம் | சூடு கொடுத்தால் நிற்கும் |
| சயனோடைப் (வெயிலில் பதிக்கும் நீலப் படம்) | புதுத் துணி, ஒரே நிறம் | துணியே கிடைக்கிறது | நடுத்தரம் | கவனம் தேவை |

## கோலம்

வாசலில் தினமும் பார்ப்பதால் இதை யாரும் "கற்றுக்கொள்ள வேண்டிய கலை" என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு மார்கழியில் அத்தை கோலம் போடும்போது பக்கத்தில் நின்று, கோட்டை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் பார்த்தேன். நேர்ப்புள்ளி வைத்தால் தரையில் சதுரக் கட்டம் விழுகிறது. இடைப்புள்ளி வைத்தால் அறுகோணமும் சாய்சதுரமும் விழுகின்றன. குவில்ட்டுக்காரர்கள் கட்டத்தாள் வாங்கிப் பென்சிலால் போடுகிற அடித்தளத்தை அவர் கண் அளவிலேயே, குனிந்த நிலையில், இரண்டு நிமிஷத்தில் போட்டுவிட்டார்.

கோலத்தின் இந்த உள்கணக்கை ஆராய்ச்சியாளர்களும் விடவில்லை. சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சிறு துண்டுகளை ஒரு விதிப்படி அடுக்கினால் பெரிய கோலம் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஒட்டுத்துணி வேலையும் அதேதானே.

ஆனால் எல்லாக் கோலமும் துணிக்கு ஒரே தூரத்தில் இல்லை.

படிக்கோலம்தான் மிக அருகில். நேர்கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், நான்கு பக்கமும் ஒரே மாதிரி. ஒன்றரை இஞ்ச் பட்டிகளாக வெட்டி நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போகலாம். லாக் கேபின் தைத்தவர் கைக்கு அன்றைக்கே வரும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிற நட்சத்திரக் கோலமும் பிரச்சினை இல்லாதது. சாய்சதுரத்துக்கு அட்டையில் ஒரே ஒரு மாதிரி வெட்டிக்கொண்டால் போதும்.

புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து பின்னிப்போகிற சிக்குக்கோலம்தான் ஆசை காட்டி இழுக்கும். அதை வெட்டி ஒட்ட முடியாது, கோட்டைத் துணிப் பட்டியாக மேலே பதிக்க வேண்டும். 1-3-5-3-1 என்று 13 புள்ளி வைக்கும் சின்னக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் புள்ளி 3 இஞ்ச் விட்டால் மூன்று மீட்டர் போலப் பட்டி வேண்டும். 16 இடத்தில் கோடு கோட்டைக் கடக்கும். ஒவ்வொரு கடப்பிலும் ஒரு பட்டி மேலே, ஒரு பட்டி கீழே. அடுத்த கடப்பில் மாறி வர வேண்டும். ஓரிடத்தில் தவறினால் அடுத்த இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தடவை நான் பட்டியைத் துணியின் நேர் இழையில் வெட்டினேன். வளைவில் வைத்து இஸ்திரி போட்டதும் உட்புற ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்து நின்றது. ஒரு வாரத்து வேலையைப் பிரித்தெடுத்தேன். பட்டியைக் கோணலாக, 45 டிகிரியில்தான் வெட்ட வேண்டும். முக்கால் இஞ்ச் அகலம், மூன்றாக மடித்தால் கால் இஞ்ச். மடித்த பட்டியை வளைவின் மேல் வைத்து, வெளி ஓரத்தை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு இஸ்திரியின் முனையை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தால், துணி பாம்பு மாதிரி திரும்பிப் படுக்கும். உட்புற ஓரத்தை முதலில் தைத்து, வெளிப்புறத்தைப் பிறகு தைக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடி சுருக்கம். கடக்கிற இடத்தில் மேலே போகிற பட்டியில் அரை இஞ்ச் தைக்காமல் விட்டுவைத்தால், அதன் கீழே மற்றதை நுழைத்துக்கொள்ளலாம்.

இதன் மறைந்த செலவு நேரமும் துணியும்தான். கோணல் வெட்டில் மூலைத் துணி நிறைய மிஞ்சும். பொறுமை இருக்கிறவர்களுக்கு இதற்கு ஈடான வடிவக் கிடங்கு வேறு கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. வீட்டிலேயே ஒரு குரு இருப்பார், பழைய கோல நோட்டும் இருக்கும். பரம்பரைக் கோலங்கள் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமும் இல்லை. ஆனால் இப்போது ஒருவர் புதிதாக உருவாக்கி வெளியிட்ட கோலத்துக்கு அவரிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை.

## காகித வெட்டு

பழைய வார இதழ், காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, கத்தரிக்கோல், பசை. இவ்வளவுதான் சாமான். 6 இஞ்ச் சதுர அட்டை ஒன்றில், பென்சிலும் ஸ்கேலும் தொடாமல், நேராகக் கத்தரியால் வெட்டி ஒட்டுவது. ஒரு நாளைக்கு ஒன்று, 20 நிமிஷம். ஒரு மாதத்தில் 30 அட்டை சேரும். அதில் நான்கைந்து துணிக்குப் போகும். மீதி வீண் இல்லை, அவைதான் அந்த நான்கைக் கொண்டுவந்தவை.

இதன் பெரிய பலம், கை யோசிக்கிற வேகமும் வெட்டுகிற வேகமும் ஒன்றாக இருப்பது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கடைசிக் காலத்தில் உடல் முடியாமல் போனபோது, வண்ணம் பூசிய காகிதத்தை நேரடியாகக் கத்தரியால் வெட்டித்தான் பெரிய படைப்புகளைச் செய்தார். எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. சோனியா டெலோனே 1911இல் தன் கைக்குழந்தைக்காகத் துணித் துண்டுகளை ஒட்டிப் போர்வை தைத்தார். அவருடைய ஓவியம் உருவங்களை விட்டு வெறும் நிறங்களின் அடுக்காக மாறியதற்கு அந்தப் போர்வைதான் தொடக்கம் என்று சொல்வார்கள். அது இன்று பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்பதை மாற்றினாலே வடிவம் மாறும் என்பதையும் காகிதத்தில் செலவில்லாமல் பழகலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு தைக்கும் கவாந்த் போர்வைகளில், மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நாமோ நடுவிலிருந்து வெளியே போகப் பழகியவர்கள். ஓர் அட்டையை ஓரத்திலிருந்து உள்ளே ஒட்டிப் பாருங்கள். அதே துண்டுகள் வேறு மாதிரி உட்காரும்.

மறைந்த செலவு? காகிதத்துக்கு இழை இல்லை, பிசிர் இல்லை, தையல் விட வேண்டியதில்லை. அதனால் அது பொய் சொல்லும். 6 இஞ்ச் அட்டையில் ஒரு இஞ்ச் சதுரம் 36 ஒட்டினால் 36 சதுர இஞ்ச் காகிதம். அதையே துணியில் தைக்க ஒவ்வொன்றையும் ஒன்றரை இஞ்சாக வெட்ட வேண்டும். 81 சதுர இஞ்ச் துணி போகும், இரண்டு மடங்குக்கு மேல். பின்பக்கம் தையல் மடிப்பே பாதி கனம். ஊசி மாதிரி கூரான முனைகளையும் காகிதம் தாங்கும், துணி தாங்காது. ஆகவே சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் துண்டு வைப்பதில்லை என்று முதல் நாளே முடிவுசெய்துகொண்டு, அட்டையைத் துணியில் இரண்டு மடங்கு பெரிதாகத் தையுங்கள்.

யாருக்கு? வடிவமும் நிறமும் சேர்ந்து தேங்கிப்போனவர்களுக்கு. சின்ன வீடு, சின்னக் குழந்தை, அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்களுக்கு. எதிலாவது ஒன்றில் தொடங்கியாக வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

## கைப்பேசிப் படம்

எல்லோரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஜன்னல் கம்பி, ஆத்தங்குடித் தரை, மீன்பிடிப் படகின் பக்கவாட்டு, ஓட்டுக் கூரை என்று ஆயிரம் படம் சேரும். ஒன்று கூடத் துணிக்கு வராது. காரணம், ஒரு படத்தில் எண்ண முடியாத அளவுக்குச் சாயல்கள் இருக்கின்றன. நம்மிடம் நாலு துணி இருக்கிறது. அந்த நாலாகக் குறைப்பது, கோடு பிரிப்பது, துண்டுகளுக்கு எண் போடுவது, மாதிரி வெட்டுவது என்று ஒரு படத்துக்கே இரண்டு மூன்று ஞாயிறு போய்விடும்.

ஆனால் கேமரா செய்கிற ஒரு வேலையை வேறு எதுவும் செய்யாது. தைக்கப்போகிற துணிகளைத் தரையில் அடுக்கிப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக விழலாம். அப்படி விழுந்தால் நட்சத்திரம் தூரத்திலிருந்து தெரியாது. நிறத்தை மாற்றி மாற்றியும் குவில்ட் எடுபடவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரே சோதனையில் விடை கிடைத்திருக்கிறது.

வடிவத்துக்காகவும் படம் எடுக்க விரும்பினால், ஏற்கெனவே துண்டு துண்டாக இருப்பதை எடுங்கள். ஆத்தங்குடிக் கல் அதற்கு நல்ல உதாரணம். கண்ணாடிப் பலகை மேல் வைத்த உலோக அச்சின் அறைகளில் நிறச் சிமெண்டை ஊற்றிச் செய்வதால், நிறத்துக்கும் நிறத்துக்கும் எல்லை தெளிவாக இருக்கும். தலைக்கு நேர் கீழே வைத்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் சதுரம் எல்லாம் சரிவகமாகி அளவு கெட்டுவிடும். வாரத்துக்கு ஒரு படம் மட்டும், அதைத் துணியாக்கிய பிறகே அடுத்தது என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ள முடிந்தால் இந்த வழி உதவும். முடியாதவர்கள் சோதனைக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

## அச்சு

வடிவமும் கையும் பழகி, துணி மட்டும் அலுத்துவிட்டவர்களுக்கு இது. தேக்கில் செதுக்கிய அச்சுக்கட்டை வாங்கலாம். அதற்கு முன் சமையலறையில் தொடங்குங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவத்துக்குள் சின்னச் சின்ன அறைகள். வெட்டு வாயைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, பஞ்சில் ஊறவைத்த துணி வண்ணத்தில் தொட்டு, கஞ்சி போகத் துவைத்த காடாத்துணியில் அழுத்தி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து அச்சுக்குப் பிறகு காய் குழைந்துவிடும். அந்தக் குழைவிலும் ஓர் அழகு இருக்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. மேஜை மேல் பழைய ஜமுக்காளம் நாலு மடிப்பு விரித்தால்தான் அச்சு முழுதாகப் படும். வண்ணத்தைப் பிடித்துவைக்கிற பசையால் துணி கொஞ்சம் விறைக்கும். அதன் மேல் கையால் நூலோட்டம் போடும்போது விரல் வலிக்கும், மெஷினில் போடுகிறவர்களுக்கு அவ்வளவு தெரியாது. மூன்றாவது, வீட்டில் எல்லோரும் செய்கிற தவறு. பெரிய பூவாக அச்சிட்டுவிட்டு 3 இஞ்ச் துண்டாக வெட்டினால் பூ போய்விடும், கறை மாதிரி ஏதோ மிஞ்சும். துண்டின் அளவில் பாதிக்கு மேல் அச்சு இருக்கக் கூடாது. இல்லையென்றால் தைத்து முடித்த மேல்துணியில் அச்சிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், புட்டியில் போட்டிருக்கிறபடி பின்பக்கம் சூடான இஸ்திரி கொடுத்தால் துவைப்புக்கு நிற்கும்.

## சயனோடைப்

ரசாயனம் பூசி, வெயிலில் காட்டி, நீல நிறத்தில் படம் பதிக்கிற முறை இது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாக இந்த ரசாயனம் பூசிய காகிதத்தில் வைத்து வெயில் காட்டிப் பதிவுசெய்யத் தொடங்கினார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் சம அளவு கலந்து, மங்கலான வெளிச்சத்தில் பருத்தித் துணியில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன் மேல் வேப்பிலையோ முருங்கைக் கொத்தோ வைத்து வெயிலில் வைத்தால், மஞ்சள் கலந்த பச்சை மெல்லச் சாம்பலாகும். வெறும் தண்ணீரில் அலசினால் நீலத் துணியில் இலை வெள்ளையாக நிற்கும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊருக்கு இது வாய்த்த கலை.

கையுறை, தனி டம்ளர், தனிக் கரண்டி கட்டாயம். இந்த ரசாயனங்களைச் சூடாக்கவோ அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது. சின்னக் குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

துவைப்புதான் இதன் பலவீனம். நான் முதலில் செய்த எட்டு இலைச் சதுரங்களைத் தைத்து முடித்து, வழக்கமான சோப்புத்தூளில் ஊறவைத்தேன். அரை மணியில் நீலம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. காரம் சேர்ந்த எதுவும் இந்த நீலத்தைத் தின்றுவிடும். காரமில்லாத திரவ சோப்பில், ஊறவைக்காமல், அலசி எடுக்கிற அளவுக்குத்தான் தாங்கும். வெயிலில் வெளிறினால் மட்டும் பயப்பட வேண்டாம். சில நாள் இருட்டில் வைத்தால் நீலம் ஓரளவு திரும்பும். சுவரில் மாட்டுவதற்கும் நினைவாகக் கொடுப்பதற்கும் இதைப்போல் ஒன்று இல்லை. தினமும் போர்த்துகிற போர்வைக்கு வேண்டாம்.

நீர்வண்ணம், இலைச் சாயம் என்று இன்னும் இரண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். நீர்வண்ணம் அழகானது, ஆனால் அதன் கசிவைத் துணித் துண்டில் கொண்டுவர முடியாது. இலைச் சாயத்துக்குத் துணியைப் படிகாரத்தில் ஊறவைக்கவும் அவிக்கவும் ஒரு தனி அடுப்பே வேண்டும். யோசனை தேடுகிற கட்டத்தில் இரண்டும் தேவையில்லை.

## எந்த நிலையில் எது?

கையில் ஒரு மாதம், அதிலும் தினம் அரை மணி என்றால் காகித வெட்டு. வேறு யோசிக்கவே வேண்டாம்.

தையல் கை நன்றாக ஓடுகிறது, வடிவம் மட்டும் வறண்டுவிட்டது என்றால் கோலம். படிக்கோலத்தில் இரண்டு குவில்ட் முடித்துவிட்டுச் சிக்குக்கோலத்துக்கு வாருங்கள். மணிக்கட்டு வலி இருக்கிறவர்கள் படிக்கோலத்தோடு நின்றுகொள்ளலாம்.

"நல்லாத்தான் தைக்கிறேன், ஆனா பளிச்சுன்னு இல்லை" என்றால் புதுக் கலை எதுவும் வேண்டாம். கறுப்பு வெள்ளைச் சோதனையை ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள்.

விற்பனைக்குத் தைக்கிறவர்களுக்கு அச்சு. வேறு யாரிடமும் இல்லாத துணி உங்களிடம் இருக்கும், துவைப்புக்கும் நிற்கும். மொட்டை மாடியும் பொறுமையும் இருந்து, சுவர்ப் படைப்பு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு சயனோடைப்.

கடைசியாக, இரண்டை ஒன்றாக்கிய வழி ஒன்று. சிக்குக்கோலம் வேண்டும், மூன்று மீட்டர் கோணல் பட்டியை வளைக்கத் தெம்பில்லை என்பவர்களுக்கு நான் காட்டுவது. கண்ணாடி மாதிரி தெரிகிற ஓஎச்பி ஷீட்டில் கறுப்பு மார்க்கரால் கோலத்தைப் போட்டு, இரண்டு தடவை மேலே தடித்துவிட்டு, சயனோடைப் ரசாயனம் பூசிக் காய்ந்த துணியின் மேல் வையுங்கள். வெயில் கறுப்பைத் தாண்டாது. அலசி எடுத்தால் நீலத் தரையில் வெள்ளைக் கோடு, விடியற்காலையில் சாணி தெளித்த வாசலில் அரிசி மாவு விழுந்த மாதிரியே இருக்கும். கோட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளை நூலால் நூலோட்டம் போட்டால் போதும், வேறு அலங்காரம் வேண்டியதில்லை. ஷீட் துணியோடு ஒட்டிப் படிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டின் ஓரம் மங்கும். பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியை மேலே வைத்து நாலு மூலையிலும் கிளிப் போட்டால் நன்றாகப் படியும்.